யார் இந்த ராபர்ட் புரூஸ் ஃபுட்? பல்லாவரத்தில் கிடைத்த ஒரு கல்லின் கதை

கே.கே. நகரில் இருந்து கிண்டி போய் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடிச்சா, அடுத்து பல்லாவரம்தான். 1863 மே 30 அன்று அங்கே பரேடு மைதானத்துச் சரளைக் குழியில் ராபர்ட் புரூஸ் ஃபுட் எடுத்த கல், ஆதிமனிதன் செதுக்கிய கைக்கோடரி. இந்தியாவில் பழைய கற்கால மனிதர்கள் வாழ்ந்ததை உலகுக்குச் சொன்ன கல் அது.

ஃபுட் பிறந்தது 1834-ல், இங்கிலாந்தின் செல்டன்ஹாமில். பழைய கிராமங்கள் வழியே 164 கி.மீ. நீளும் காட்ஸ்வோல்டு நடைபாதை இன்று அந்த ஊரை ஒட்டித்தான் போகிறது. 1858-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். ஊர் ஊராகச் சுற்றி, பாறைகளைப் பார்த்து, வரைபடம் போடுவதுதான் வேலை. மாமனார் பீட்டர் பெர்சிவலும் லேசுப்பட்டவர் இல்லை. ஆறுமுக நாவலரோடு சேர்ந்து பைபிளைத் தமிழாக்கியவர்.

பல்லாவரத்துக்குப் பிறகு நான்கே மாதத்தில், வில்லியம் கிங்குடன் கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் அத்திரம்பாக்கம் போனார். அங்கேயும் கைக்கோடரிகள்! அந்த இடத்துக் கருவிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் வெளியான ஆய்வு சொன்னது. ஃபுட்டே இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

அவர் சேகரித்தவை 1904-ல் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன. 1912-ல் கல்கத்தாவில் இறந்தார். அஸ்தி ஏற்காட்டில் இருக்கிறது.

பல்லாவரத்தை இப்போ கட்டடங்கள் மூடிடுச்சு. ஃபுட் நடந்த மண்ணைப் பார்க்கணும்னா அத்திரம்பாக்கம் பக்கம்தான் போகணும். வழியில் பூண்டியில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகமும் உண்டு.