மண்ணின் இயல்பு கண்ட மாமேதை: பேராசிரியர் அழகையா துரைராஜா

உயர்தர வகுப்பு மாணவர் நம்மிடம் ஆண்டுதோறும் கேட்கும் வினா ஒன்று நினைவுக்கு வருகின்றது. பொறியியலிலே எத்துறையைத் தேர்வது, எந்நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பது என்பதே அவ்வினா. தமிழாசிரியரிடம் கேட்கும் வினாவா இது என்று சிலர் நகைக்கலாம். மடுல்சீமை மலைத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து வரும் பிள்ளைக்கு, இது குறித்து வழிகாட்ட வீட்டிலே பெரும்பாலும் எவருமிலர். ஆதலின், வகுப்பிலே முன்னிற்பவர் யாரோ அவரிடமே கேட்கின்றது. நாம் தரக்கூடிய விடை சான்றோர் ஒருவரின் வாழ்க்கையே ஆகும்.

அன்னார் பேராசிரியர் அழகையா துரைராஜா ஆவர். அவர் 1934ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 10ஆம் நாள் யாழ்ப்பாணத்து வடமராட்சியிலே பிறந்தார். கம்பர்மலை அவரது ஊர். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிலே கற்றுப் பல்கலைக்கழகம் புகுந்தார்.

அக்காலத்து நிலையை மாணவர் அறிதல் நன்று. 1950ஆம் ஆண்டுவரை இலங்கையிலே பொறியியற் பட்டம் பெற விரும்பியோர் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியிலே பயின்று இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைக்குத் தோற்றினர். வசதியுடையோர் கடல் கடந்து சென்றனர். 1950இலேதான் இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பிலே தனது பொறியியற் பீடத்தைத் தொடங்கிற்று. பின்னர் 1964இலே அப்பீடம் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. தொடங்கிச் சில ஆண்டுகளே ஆன அவ்விளம் பீடத்திலே துரைராஜா குடிசார் பொறியியல் கற்று, 1957இல் முதல் வகுப்பிலே சித்தியெய்தினார். அவருடைய முதற் பட்டம் இந்நாட்டிலே பெற்றது என்பதை மாணவர் மனங்கொள்ளல் வேண்டும்.

மேற்படிப்புக்காக அவர் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தை அடைந்தார். கேம்பிரிட்ஜின் பெயரைக் கேட்டு நாம் வியந்துவிடுகின்றோம். ஆயின் ஊன்றி நோக்க வேண்டியது அங்கு அவர் சேர்ந்த ஆய்வுகூடமே. மண்பொறியியல் என்பது அன்று மிக இளைய கலை. 1925ஆம் ஆண்டு தெர்சாகி என்னும் அறிஞர் வெளியிட்ட நூலே அதற்குக் கால்கோள் இட்டது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் ரொஸ்கோ என்னும் ஆசிரியர் கேம்பிரிட்ஜிலே அத்துறைக்கெனச் சிறியதோர் ஆய்வுக் குழுவை வளர்த்து வந்தார். பாரம் ஏற ஏற மண் எந்நிலையிலே தாங்கும், எந்நிலையிலே நெகிழ்ந்து ஓடும் என்பதை அக்குழுவினர் ஆராய்ந்தனர். விடை காணப்படாத வினாவொன்று உயிர்த்துடிப்போடு இருந்த அவ்விடத்திலே நம்மவர் போய்ச் சேர்ந்தார்.

வெண்களியையும் மணலையும் நறுக்கு விசைக்கு உட்படுத்தி அவர் செய்த சோதனைகள் பல. 1961இலே தமது ஆய்வேட்டை நிறைவுசெய்து கலாநிதிப் பட்டம் பெற்றார். அவர் கண்டதை எளிமையாக உரைக்க முயல்வோம். களிமண் அழுத்தப்பட்டு உருமாறும்போது அதன் கன அளவு மாறும். உள்ளிருக்கும் நீரின் அமுக்கமும் மாறும். இவ்விரண்டையும் கணக்கிலே சேர்த்துக்கொண்டு நோக்கின், உராய்விலே செலவாகும் ஆற்றல் ஓர் எளிய விதிக்கு அடங்குவதைத் துரைராஜா கண்டார். மணிகள் ஒன்றையொன்று அழுத்தும் அளவும், மண் உருமாறும் அளவுமே அச்செலவைத் தீர்மானிக்கின்றன. இம்முடிவைத் துணைக்கொண்டு, ரொஸ்கோ, ஸ்கோபீல்ட், துரைராஜா ஆகிய மூவரும் 1963இலே வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை உலகப் புகழ் பெற்றது. கேம்பிரிட்ஜ் நகரிலே ஓடும் காம் நதியின் பெயரால் காம் களி என்று வழங்கும் கணித மாதிரிக்கு அக்கட்டுரை அடித்தளமாயிற்று. அணைக்கட்டும் சுரங்கமும் அத்திவாரமும் அமைப்போர் இன்றும் அம்மாதிரியையும் அதன் வழிவந்தவற்றையும் பயன்படுத்துகின்றனர்.

மலைநாட்டு மாணவர்க்கு இது எட்டாத தூரத்துச் செய்தியன்று. அடைமழை பெய்யுங்கால் நம் மலைச்சரிவிலே நிகழ்வதை எண்ணுக. நீர் மண்ணின் உள்ளே இறங்குகின்றது. மணிகளுக்கு இடையே நீரின் அமுக்கம் உயர உயர, மணிகள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடி தளர்கின்றது. பிடி தளர்ந்தால் உராய்வு குறையும். உராய்வு குறைந்தால் சரிவு தன் பாரத்தைத் தானே தாங்கமாட்டாது கீழிறங்கும். தோட்டங்களிலே கான் வெட்டி நீரை வடியவிட்ட நம் முன்னோர் பட்டறிவால் அறிந்ததும் இதுவே. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாட் காலையிலே, நமது பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்திலே லயங்கள் மண்ணுள் புதையுண்டதை மறக்கவல்லார் யார்? வெண்களித் துண்டொன்றைக் கேம்பிரிட்ஜ் ஆய்வுகூடத்திலே அழுத்தி ஆராய்ந்த அறிவும், மீரியபெத்தைச் சரிவும் ஒரே விதியைப் பேசுகின்றன.

பட்டம் பெற்ற துரைராஜா தாயகம் மீண்டார். கனடாவிலும் சில காலம் பணிபுரிந்தார். ஆயினும் அவரது வாழ்நாட் பணியின் பெரும்பகுதி இந்நாட்டுக்கே உரியதாயிற்று. பேராதனையிலே குடிசார் பொறியியற் பேராசிரியராகவும் பீடாதிபதியாகவும் விளங்கினார். இன மத வேறுபாடின்றிப் பல தலைமுறைப் பொறியியலாளரை அவர் உருவாக்கினார். திறந்த பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்துக்கும் தலைமை தாங்கினார்.

1988இலே அவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். அது போர்க்காலம். 1990இன் பின்னர் யாழ்ப்பாணத்திலே மின்சாரமில்லை, எரிபொருள் கிட்டுவதரிது. விரும்பியிருப்பின் எந்நாட்டிலும் அவருக்கு உயர்பதவி கிடைத்திருக்கும். அவரோ துவிச்சக்கரவண்டியிலே பல்கலைக்கழகம் சென்று பணியாற்றினார். அக்காலத்திலேயே கிளிநொச்சியிலே விவசாய பீடம் தோன்றியது. அப்பல்கலைக்கழகத்திலே பொறியியற் பீடமும் அமைதல் வேண்டுமென அவர் உழைத்தார். அதனைக் கண்ணாற் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. கொடிய நோய்வாய்ப்பட்டு 1994ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள், அறுபது வயது நிறையுமுன்னரே, இவ்வுலக வாழ்வை நீத்தார். அப்பீடம் இருபது ஆண்டுகள் கழித்து, 2014இலே, கிளிநொச்சி அறிவியல் நகரில் முதல் மாணவரை வரவேற்றது.

இவ்வாழ்க்கையிலிருந்து நம் மாணவர் பெறத்தக்க படிப்பினை யாது? பல்கலைக்கழகத்தின் பெயரை முதலில் தேடுதல் தவறு. எவ்வினாவுக்கு விடை காண விழைகின்றோம் என்பதை முதலில் தெளிதல் வேண்டும். அவ்வினாவை ஆராயும் ஆசிரியர் எங்குள்ளார் என்பதை அடுத்துத் தேடல் வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயர் மூன்றாவதாக வருவதே முறை. மேலும், முதற் பட்டத்துக்கே வெளிநாடு செல்லல் வேண்டுமென்று பெற்றோரின் நகையையும் சேமலாப நிதியையும் கரைத்தல் தகாது. இலவசக் கல்வி தரும் நம் நாட்டுப் பல்கலைக்கழகத்திலே முதற் பட்டம் பெற்று, ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் புலமைப்பரிசில் தேடிச் செல்வோர் பலர். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014இலே வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்புரிமை பெற்றுள்ளது. ஆதலின், அதன் தரச்சான்று பெற்ற இந்நாட்டுப் பட்டங்கள் அவ்வுடன்படிக்கையைச் சார்ந்த பிற நாடுகளிலும் மதிக்கப்படுகின்றன.

கணினித் துறையை நாடும் மாணவரை நாம் குறைகூறவில்லை. எத்துறையாயினும் நன்றே. ஆயினும், மழை இரவுகளிலே உறங்காது விழித்திருந்து மலையின் ஓசையைக் கேட்கும் தாய்மார் நம் தோட்டங்களிலே உள்ளனர். அவர்தம் பிள்ளைகளுள் ஒருவரேனும், தம் காலின் கீழுள்ள மண்ணின் இயல்பை ஆராயப் புறப்படல் வேண்டும். கடல் கடந்து கற்றாலும் கற்றதைக் கொண்டு மீண்டுவந்த துரைராஜா அதற்கு வழிகாட்டி நிற்கின்றார். அத்தகைய மாணவர் ஒருவரின் பெயரை நம் கல்லூரியின் அடுத்த விழா மலர் தாங்கி வருமாக.