அப்பா சொத்தில் பாதி கேட்டு தமிழகம் வந்த சிவாஜி: செஞ்சிக் கோட்டை சொல்லும் உயில் பாடம்

செஞ்சிக் கோட்டைன்னு சொன்னதும் ராஜா தேசிங்குதான் ஞாபகத்துக்கு வருவார். அவருக்கு முன்பே ஒரு பெரிய குடும்பத்தின் சொத்துத் தகராறை இந்தக் கோட்டை பார்த்திருக்கிறது. அது மராட்டிய மன்னர் சத்ரபதி சிவாஜியின் குடும்பம்.

அப்பா சொத்து யாருக்கு?

சிவாஜி பிறந்தது 1630-ல். அப்பா ஷாஜி, பீஜப்பூர் சுல்தானின் தளபதி. முதல் மனைவி ஜீஜாபாயும் சிவாஜியும் புனேவில் இருந்தார்கள். இரண்டாவது மனைவி துக்காபாயும் மகன் ஏகோஜியும் பெங்களூருவில். 1664-ல் வேட்டைக்குப் போன ஷாஜி, குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். புனே பக்கம் சிவாஜியிடமும், பெங்களூரு பக்கம் ஏகோஜியிடமும் நின்றது. அடுத்து ஏகோஜி தஞ்சாவூரையும் பிடித்தார்.

13 வருஷம் கழித்து என்ன நடந்தது?

1677-ல் பெரும்படையோடு தெற்கே வந்த சிவாஜி, செஞ்சியைக் கைப்பற்றி பலப்படுத்தினார். பிறகு கொள்ளிடக் கரையில் தம்பியைச் சந்தித்து, அப்பா சொத்தில் பாதி கேட்டார். பிடி கொடுக்காத ஏகோஜி, ராத்திரியோடு ராத்திரியாக ஆற்றைக் கடந்து தஞ்சாவூர் போய்விட்டார். சண்டை மூண்டது. கடைசியில் சமரசம், தஞ்சாவூர் தம்பிக்கே என்று முடிந்தது.

தன் வீட்டில் என்ன செய்தார்?

இவ்வளவு பட்ட சிவாஜியும், தனக்குப் பின் யார் என்பதை எல்லோரும் ஏற்கும்படி முடித்து வைக்கவில்லை. 1680 ஏப்ரல் 3-ல் அவர் இறந்தபோது மூத்த மகன் சம்பாஜி பன்ஹாளா கோட்டைக் காவலில் இருந்தார். சிவாஜியின் இன்னொரு மனைவி சோயராபாயும் சில அமைச்சர்களும், 10 வயது ராஜாராமை அரியணையில் உட்கார வைத்தார்கள். சில வாரங்களில் சம்பாஜி ஆட்சியைப் பிடித்தார். எதிர்த்த அமைச்சர்கள் சிலர் உயிரையே இழந்தார்கள்.

1689-ல் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றதும், ராஜாராம் தப்பி வந்து சேர்ந்த இடம் செஞ்சி. அப்பா பலப்படுத்திய கோட்டை, முகலாய முற்றுகையை 1698 வரை தாங்கியது. கோட்டை விழும் முன் ராஜாராம் தப்பிவிட்டார்.

நமக்கு இதில் என்ன?

நம்மிடம் இருப்பது ஒரு ஃப்ளாட், பி.எஃப். பணம், கொஞ்சம் நகை. ஆனாலும் சிக்கல் அதேதான்.

* உயில் இல்லாமல் இந்து ஆண் ஒருவர் இறந்தால், அவர் சம்பாதித்த சொத்து மனைவி, மகன்கள், மகள்கள், அம்மா எல்லோருக்கும் சம பங்கு. 1956 வாரிசுச் சட்டப்படி அம்மாவுக்கு உண்டு, அப்பாவுக்கு முதல் வரிசையில் இடமில்லை.
* வங்கிக் கணக்கின் நாமினி, பணத்தை வாங்கிக்கொள்ளலாம். அதனால் மட்டும் அவர் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார்.
* உயிலை வெள்ளைத்தாளிலேயே எழுதலாம், முத்திரைத்தாள் வேண்டாம். உங்கள் கையெழுத்தோடு 2 சாட்சிகள் கையெழுத்து கட்டாயம். பங்கு பெறுபவரைச் சாட்சியாகப் போடாமல் இருப்பது நல்லது.
* பதிவு கட்டாயமில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் பின்னாளில் சந்தேகம் குறையும்.
* கல்யாணம், குழந்தை, புது வீடு என்று எது வந்தாலும் உயிலை மாற்றி எழுதலாம்.

எழுதியதும், அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.