சின்ன மருது: வளரி கற்றுக்கொடுத்த குரு, தேடி வந்த சீடன்

1795-ம் ஆண்டு. மதுரையில் பணியில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற 20 வயது கம்பெனி அதிகாரிக்கு ஒரு வாத்தியார் கிடைத்தார். ஈட்டி எறிவதையும் வளரி வீசுவதையும் வெல்ஷுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ஆறே வருஷம். அந்த வாத்தியாரைப் பிடிக்க வந்த படையில் வெல்ஷும் இருந்தார்.

வாத்தியாரின் பெயர் சின்ன மருது.

யார் இவர்?

நரிக்குடி அருகே உள்ள முக்குளத்தில் 1753-ல் பிறந்தவர். அண்ணன் பெரிய மருது ஐந்து வயது மூத்தவர். சகோதரர்கள் இருவரும் சிவகங்கை மன்னர் முத்து வடுகநாதரிடம் வேலைக்குச் சேர்ந்தார்கள். ராமநாதபுரம் சேதுபதிகளின் சீமையிலிருந்து பிரிந்து உருவானதுதான் சிவகங்கை. தொண்டிக் கடற்கரை வரை அதன் எல்லை இருந்தது.

1772-ல் ஆற்காடு நவாபும் கம்பெனியும் சேர்ந்து முதலில் ராமநாதபுரத்தைப் பிடித்தார்கள். அடுத்து காளையார்கோவில். அங்கே நடந்த சண்டையில் முத்து வடுகநாதர் உயிரிழந்தார். ராணி வேலு நாச்சியாரைப் பத்திரமாக விருப்பாட்சிக்கு அழைத்துச் சென்றதில் மருது சகோதரர்களுக்கும் பங்கு உண்டு. ஹைதர் அலியின் உதவியோடு 1780-ல் நாச்சியார் சிவகங்கையை மீட்டதும், சின்ன மருது பிரதானி ஆனார். அதாவது, நிர்வாகம் முழுக்க அவர் கையில்.

அண்ணனுக்கு நிர்வாகத்தில் அவ்வளவு ஆர்வம் இல்லை. அவருக்கு வேட்டைதான் உலகம். ஆற்காடு வெள்ளி ரூபாயை விரலாலேயே வளைத்துவிடுவார் என்று ஊரில் பேச்சு. புலி வந்துவிட்டால் கம்பெனி அதிகாரிகளே அவருக்குத்தான் ஆள் அனுப்புவார்களாம்.

வளரி என்றால் என்ன?

பிறை வடிவத்தில் வளைந்த எறிகருவி. வைரம் பாய்ந்த மரத்தில் கையால் செதுக்குவார்கள். இரும்பிலும் செய்ததுண்டு. அரண்மனைகளுக்கென்று தந்தத்திலும் செய்தார்கள். ஒரு முனை கனமாக இருக்கும், மறுமுனை மெலிந்திருக்கும். மெலிந்த முனையைப் பிடித்து, தோளுக்கு மேல் சில சுற்று சுழற்றிவிட்டு வீச வேண்டும். கனமான முனை முன்னால் இழுக்க, சுழன்றுகொண்டே போய் இலக்கைத் தாக்கும்.

முயல், மான் வேட்டைக்கு இதுதான் கருவி. போர் வந்தால் ஆயுதம். கள்ளர் சமூகத்தில் கல்யாணத்தின்போது இரு வீட்டாரும் வளரியை மாற்றிக்கொள்ளும் வழக்கம்கூட இருந்தது.

தேர்ந்த கை வீசினால் 100 கஜத்துக்குள் குறி தப்பாது என்பது வெல்ஷ் எழுதி வைத்த தகவல்.

காவல் இல்லாத வீடு

சின்ன மருது வாழ்ந்தது சிறுவயலில். அந்த மாளிகை வாசலில் ஒரு காவல்காரர்கூட கிடையாது. யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், வரலாம். மதுரையில் இருந்த வெல்ஷுக்கு நல்ல அரிசியும் பழங்களும் அனுப்பிவைப்பார். ஆட்சியாளர் என்பதைவிட, பழகிய வீட்டுப் பெரியவர் மாதிரிதான் அந்த இளைஞனுக்கு அவர் தெரிந்தார்.

1801: எல்லாம் மாறியது

பாஞ்சாலங்குறிச்சி மறுபடியும் வீழ்ந்தபோது, கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை தப்பி வந்து சிறுவயலில் தஞ்சம் கேட்டார். அவரை ஒப்படைக்கச் சொன்னது கம்பெனி. சின்ன மருது மறுத்துவிட்டார். ஜூன் மாதம் திருச்சி கோட்டை வாசலிலும் ஸ்ரீரங்கம் கோயில் சுவரிலும் அவரது பிரகடனம் ஒட்டப்பட்டது. வெள்ளையருக்கு எதிராக எல்லா சாதியினரும் சேர்ந்து எழ வேண்டும் என்ற அழைப்பு அது.

ஜூலைக் கடைசியில் கம்பெனிப் படை நெருங்கியபோது சிறுவயல் எரிந்துகொண்டிருந்தது. எதிரிக்குப் பயன்படக் கூடாது என்று மருதுகளே வைத்த தீ. அங்கிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட முயன்ற படை, ஒரு மாதம் போராடிவிட்டுப் பின்வாங்கியது. ஆனால், செப்டம்பர் முடிவில் பல பக்கமிருந்தும் சூழ்ந்து காளையார்கோவிலைப் பிடித்துவிட்டது.

தொடை எலும்பு முறிந்த நிலையில் சின்ன மருது பிடிபட்டார். அந்தக் கோலத்தில் தன் குருவைப் பார்த்தார் வெல்ஷ். 1801 அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள்.

பினாங்கில் ஒரு சந்திப்பு

சின்ன மருதுவின் மகன் துரைசாமிக்கு அப்போது சுமார் 15 வயது. 70-க்கும் மேற்பட்டவர்களோடு பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார். 1818-ல் பினாங்கு போன வெல்ஷைத் தேடி, உடல் தளர்ந்த ஒருவர் வந்தார். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்ன பிறகுதான் அவர் துரைசாமி என்று புரிந்தது. முப்பதுகளின் தொடக்கத்திலேயே கிழவராகியிருந்தார். வெல்ஷால் அவருக்கு எந்த உதவியும் செய்ய முடியவில்லை.

என்ன மிச்சம்?

போர் முடிந்த கையோடு கோட்டைகளை இடிக்கவும் மக்களிடமிருந்து ஆயுதங்களைப் பறிக்கவும் கம்பெனி உத்தரவிட்டது. வளரியை இன்று சென்னை, புதுக்கோட்டை அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். செதுக்கியவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது.

வீசியவரின் பெயர் தெரியும். 1830-ல் வெல்ஷ் தன் நினைவுகளைப் புத்தகமாக வெளியிட்டார். சிறுவயல் வீடு, பழங்கள், குறி தப்பாத வளரி என எல்லாம் அதில் இருக்கிறது. சின்ன மருதுவை நேரில் பழகிப் பார்த்து எழுதிய முக்கியமான சாட்சி, அவரிடம் கற்றுக்கொண்டு அவருக்கு எதிராகவே வந்த அந்தச் சீடன்தான்.