தொல்காப்பியர் யார்? அழுகை, அச்சத்தில் ஆண், பெண் வித்தியாசம் பற்றி அவர் சொன்னது என்ன?

ஜவ்வாது மலை அடிவாரத்தில் செங்கம் பக்கம் போனால் நடுகற்களைப் பார்க்கலாம். மாடு பிடிச் சண்டைகளில் உயிர்விட்ட வீரர்களுக்காகப் பல்லவர் காலத்தில் நட்டு வைத்த கற்கள் இவை. கையில் வில், உடம்பில் தைத்த அம்பு. இப்படி ஒரு கல்லைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி, நட்டு வாழ்த்துவது வரை ஆறு படிகளை எழுதி வைத்தவர் தொல்காப்பியர். கல்லில் வீரனோட பெருமிதம் தெரியுது. அவனைப் பறிகொடுத்தவங்களோட அழுகை? அதுக்கும் அவரிடம் இடம் இருக்கு.

யார் இவர்?

இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய தமிழ் நூலின் ஆசிரியர். நூலில் 3 அதிகாரங்கள், 27 இயல்கள். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டு ஆசான் முன்னிலையில் அரங்கேறியது என்கிறது பனம்பாரனார் எழுதிய பாயிரம்.

அகத்தியரின் மாணவர் என்பது மரபு. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் ஒரு கதை சொல்கிறார். தன் மனைவி லோபாமுத்திரையை அழைத்து வர மாணவரை அனுப்புகிறார் அகத்தியர். நான்கு கோல் தூரம் தள்ளியே வரணும் என்பது கட்டளை. வழியில் வைகை வெள்ளம் அம்மையாரை இழுக்க, மாணவர் மூங்கில் கோலை நீட்டிக் கரையேற்றுகிறார். தூரம் குறைஞ்சதுன்னு குரு சபிக்க, இருவரும் பதிலுக்குச் சபிச்சாங்களாம். கோபம் அந்தக் கதையில் மூணு பேருக்கும் வருது.

மெய்ப்பாடு என்றால் என்ன?

மனசுக்குள் நடப்பது உடம்பில் தெரிவதுதான் மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணங்கள். அழுகைக்கு இழிவு, இழப்பு, தளர்ச்சி, வறுமை. அச்சத்துக்குத் தெய்வம், விலங்கு, கள்வர், அரசன். கவனிங்க, இந்தப் பட்டியலில் ஆண், பெண் பிரிவே கிடையாது.

பிரிவு வருவது களவியலில். அங்கே பெருமையும் மன உறுதியும் ஆணுக்கு. அச்சம், நாணம், மடம் பெண்ணுக்கு. எட்டில் எல்லோருக்கும் பொதுவாக இருந்த அச்சம், காதலுக்கு வந்ததும் பெண்ணின் இலக்கணமாகிவிட்டது.

இன்றைய அறிவியல் என்ன சொல்கிறது?

சிரிப்பையும் சோகத்தையும் பெண்கள் முகத்தில் அதிகம் காட்டுகிறார்கள். உள்ளே இதயத்துடிப்பில் வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இல்லை. ஆனால் ஒன்றில் வித்தியாசம் பெரிது. கடும் துக்கத்தால் இதயத்தசை திடீரெனத் தளர்ந்துபோகும் 'டகோட்சுபோ' நோய், 1990 வாக்கில் ஜப்பானில் விவரிக்கப்பட்டது. பாதிக்கப்படுவோரில் 10-ல் சுமார் 9 பேர் பெண்கள், பெரும்பாலும் மாதவிடாய் நின்றவர்கள். ஆண்களுக்கு அரிது, வந்தால் ஆபத்து அதிகம். கணவன் இறந்த துயரத்தில் தவிக்கும் மனைவியையும், அவனோடு சேர்ந்தே உயிர்விடும் மனைவியையும் புறத்திணையியலில் தனித்தனித் துறைகளாகவே தொல்காப்பியர் வைத்திருப்பது இங்கே நினைவுக்கு வரும்.

நாம் என்ன செய்யணும்?

துக்க வீட்டில் ஆம்பள அழக்கூடாதுன்னு அடக்குறோம். பொம்பளைக்கு நெஞ்சு வலிச்சா பயந்துட்டான்னு விட்டுடறோம். ரெண்டும் களவியல் பார்வை. பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தால், யாராக இருந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள்.