எல்லாப்பிரகட சுப்பாராவ்

எல்லாப்பிரகட சுப்பாராவ் (ஜனவரி 12, 1895 - ஆகஸ்ட் 1948) இந்தியாவைச் சேர்ந்த உயிர்வேதியியலாளர் ஆவார். இரத்தம், சிறுநீர் முதலியவற்றிலுள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் இணைந்து உருவாக்கினார். மெத்தோட்ரெக்சேட் உள்ளிட்ட மருந்துகள் இவரது ஆய்வுக்குழுவிலிருந்து வந்தவை.

வாழ்க்கை

அன்றைய சென்னை மாகாணத்தின் பீமாவரத்தில் பிறந்தார். சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் மூன்றாம் முயற்சியிலேயே மெட்ரிகுலேசன் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதராடை அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றார். இவரது சகோதரர்கள் இருவர் ஸ்ப்ரூ என்னும் குடல் நோயால் அடுத்தடுத்து இறந்தனர். பாஸ்டன் சென்ற இவர் பின்னர் இந்தியா திரும்பவேயில்லை.

அளவிடும் முறை

1925இல் வெளியான ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை எளிமையானது. மாதிரியிலிருந்து புரதத்தை நீக்கி, அமில ஊடகத்தில் அம்மோனியம் மாலிப்டேட்டும் ஓர் ஒடுக்கியும் சேர்த்தால் நீலநிறம் தோன்றும். நிறத்தின் செறிவு பாஸ்பேட்டின் அளவைக் காட்டும். ஆனால் தசைச் சாற்றில் மட்டும் நீலம் வழக்கத்தை விட மெதுவாக ஏறியது. பிழையென ஒதுக்கியிருக்கக்கூடிய இத்தாமதத்தை ஆராய்ந்தபோது, அமிலத்தில் எளிதில் சிதைந்து பாஸ்பேட்டை வெளியிடும் ஒரு சேர்மம் தசையில் இருப்பது தெரிந்தது. 1927இல் அறிவிக்கப்பட்ட அச்சேர்மமே பாஸ்போகிரியேட்டின் ஆகும். தசை சுருங்கும்போது அது குறைந்து, ஓய்வில் மீண்டும் உருவாவது கண்டறியப்பட்டது. இதனால் லாக்டிக் அமிலமே தசை இயக்கத்தின் அடிப்படை என்ற அக்காலக் கருத்து ஆட்டம் கண்டது. ஏ.டி.பி.யை இவர்கள் 1929இல் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியின் கார்ல் லோமன் தனியாக இதைக் கண்டறிந்தார்.

ஹார்வர்டில் இவருக்கு நிரந்தரப் பணி கிடைக்கவில்லை. இவர் பிரித்தெடுத்த சில பொருட்களை ஃபிஸ்க் வெளியிட விடாததால் பிறர் அவற்றை மீண்டும் கண்டறிய நேர்ந்ததாக, அங்கு மாணவராக இருந்து பின்னர் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் கூறியுள்ளார்.

மருந்துகள்

1940இல் லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கு இவரது குழு 1945இல் ஃபோலிக் அமிலத்தைத் தொகுத்தது; இது ஸ்ப்ரூ நோயாளிகளின் சிகிச்சைக்கும் பயன்பட்டது. யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசினும் இவரது காலத்தில் வந்ததே. ஃபோலிக் அமிலத்துக்கு எதிராகச் செயற்படும் அமினோப்டெரினைப் பயன்படுத்தி, சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குத் தற்காலிகக் குணத்தை அளித்தார் (1948). அதன் உறவான மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்பாட்டில் உள்ளது. இதனை மிகுந்த அளவில் கொடுக்கும்போது, குருதியில் மருந்து எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதை அடுத்தடுத்து அளந்தே மாற்று மருந்தான ஃபோலினிக் அமிலத்தின் அளவை முடிவு செய்கின்றனர். கல்லீரலில் இதிலிருந்து உருவாகும் 7-ஹைட்ராக்சிமெத்தோட்ரெக்சேட் என்னும் வளர்சிதைப்பொருளை, நிறை நிறமாலைமானியுடன் இணைந்த நீர்ம நிறப்பகுப்பியல் தனியே அளக்கவல்லது.

மறைவு

சுப்பாராவ் தமது 53ஆம் வயதில் நியூயார்க் மாநிலத்தில் காலமானார். சுப்பாரோமைசஸ் என்ற பூஞ்சைப் பேரினம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது. 1995இல் இந்திய அஞ்சல்துறை இவரது நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.