தண்ணீரில் எரிந்த விளக்கு



டிப்ளமோதானே என்று யாராவது நம்மைக் குறைச்சலாகப் பேசினால், எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் வில்லியம் ஆம்ஸ்ட்ராங். இன்ஜினியரிங் பட்டமே வாங்காத மாபெரும் இன்ஜினியர்!

1810-ல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிறந்தார். தந்தை தானிய வியாபாரி. மகன் வக்கீலாகணும் என்பது அவர் ஆசை. மகனும் வக்கீலானார். ஆனால் மனசெல்லாம் மெஷின் மேலேதான். 1835-ல் மீன் பிடிக்கப் போன இடத்தில் ஒரு நீர்ச்சக்கரம் சுற்றுவதைப் பார்த்தார். இவ்வளவு தண்ணீரின் சக்தி வீணாப் போகுதே என்ற எண்ணம் அவரைத் தூங்கவிடவில்லை. அதன் பலன்தான் ஹைட்ராலிக் கிரேன். 1847-ல் வக்கீல் தொழிலுக்கு முழுக்குப் போட்டுவிட்டு எல்ஸ்விக்கில் தொழிற்சாலை தொடங்கினார். பின்னாளில் அங்கே பீரங்கிகளும் தயாராயின.

1863-ல் ராத்பரி ஊருக்கு அருகே மலைச்சரிவில் சின்னதாக ஒரு வீடு கட்ட ஆரம்பித்தார். பெயர் கிராக்சைட். 1869 முதல் ரிச்சர்ட் நார்மன் ஷா என்ற கட்டடக் கலைஞர் அதைப் படிப்படியாக மாளிகையாக்கினார். பாறையோடு ஒட்டி நிற்கும் கல் சுவர்கள், மரச்சட்டம் பதித்த முகப்புகள், உயர உயரமான புகைபோக்கிகள். வெளியே பார்த்தால் பழங்காலம். உள்ளே போனால் புது யுகம்! ஓடையைத் தடுத்து ஏரி அமைத்து, அந்தத் தண்ணீரால் டைனமோவைச் சுற்ற வைத்தார். 1878-ல் ஓவியக் கூடத்தில் ஆர்க் விளக்கு எரிந்தது. 1880-ல் நண்பர் ஜோசப் ஸ்வான் கண்டுபிடித்த பல்புகள் வந்தன. லிப்ட் ஏறியதும், சமையலறையில் இறைச்சி வாட்டும் கம்பி சுழன்றதும் தண்ணீர் அழுத்தத்தால்தான். நிலக்கரி ஒருநாள் தீரும் என்று 1863-லேயே எச்சரித்தவராச்சே!

இதோடு நிறுத்தினால் அது பாதிக் கதை. 1871-ல் நியூகாசில் தொழிலாளர்கள் ஒன்பது மணி நேர வேலை கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். எதிர்த்து நின்ற முதலாளிகளுக்குத் தலைமை தாங்கியவர் இதே ஆம்ஸ்ட்ராங்தான். வெளிநாட்டிலிருந்து ஆள் கொண்டுவந்தும் பார்த்தார். ஐந்து மாதம் போராடித் தொழிலாளர்களே ஜெயித்தார்கள். சொட்டுத் தண்ணீரும் வீணாகக் கூடாதுன்னு நினைச்ச மனுஷனுக்கு, உழைப்பவனின் ஒரு மணி நேரம் பெரிசாத் தெரியலையே!

1900-ல், தொண்ணூறு வயதில் மறைந்தார். 1977 முதல் நேஷனல் டிரஸ்ட் பராமரிப்பில் உள்ள கிராக்சைட், முதல்தரப் பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெற்ற கட்டடம். 2014-ல் மறுபடியும் அங்கே தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்க ஆரம்பித்தார்கள்.

நாளை நாமும் ஒர்க்‌ஷாப்பில் சூப்பர்வைசராக நிற்போம். அவருடைய மூளையை எடுத்துக்கொள்வோம். அந்த 1871-ஐ மட்டும் மறக்க வேண்டாம், தோழர்களே!

– மூன்றாமாண்டு மின்னியல் மாணவன்