குணங்குடியார் கண்ட மன அமைதி



இராமநாதபுரம் மாவட்டம் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் 1792ஆம் ஆண்டு பிறந்தவர் சுல்தான் அப்துல் காதிர். குணங்குடி மஸ்தான் சாகிபு (ரஹ்) என்று தமிழகம் போற்றும் ஞானச் செல்வர் இவர்களே.

இளமையில் கீழக்கரை சென்று தைக்கா சாகிபு (ரஹ்) அவர்களிடம் மார்க்கக் கல்வி கற்றார்கள். கல்வி வளர வளர உள்ளத்தில் ஒரு தாகமும் வளர்ந்தது. தாய்மாமன் மகளை நிக்காஹ் செய்து வைக்கப் பெரியவர்கள் முயன்றபோது மறுத்துவிட்டு, பதினேழு வயதளவில் வீட்டைத் துறந்தார்கள். 1813இல் திரிசிரபுரத்து மௌலவி ஷாம் சாகிபு அவர்களிடம் பைஅத் பெற்றார்கள். பின்னர் திருப்பரங்குன்றத்துச் சிக்கந்தர் மலையில் நாற்பது நாட்கள் கல்வத்து இருந்தார்கள். அதன்பின் ஊர் ஊராகத் திரிந்தார்கள். இறைக்காதலில் தம்மை மறந்திருந்த அவர்களை மக்கள் மஸ்தான் என்று அழைக்கலாயினர்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அவர்கள் மலையிலேயே தங்கிவிடவில்லை. வட சென்னை இராயபுரத்தில், அந்நாளில் முட்புதர் மண்டிக் கிடந்த லெப்பைக் காட்டில் வந்து தங்கினார்கள். மக்கள் அவர்களைத் தேடி வந்தார்கள். சைவரான தமிழ்ப் புலவர் திருத்தணிகை சரவணப்பெருமாளையர் அவர்கள்மீது நான்மணிமாலை பாடினார். இறைவனை நோக்கிப் பராபரக்கண்ணி முதலிய பாடல்களை எளிய தமிழில் பாடி, 1838இல் மறைந்தார்கள். அடக்கத்தலமும் அங்கேயே உள்ளது. ஆவடியிலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயில் இராயபுரம் வழியாகத்தான் போகிறது.

அந்த ரயிலில் போகும் நம் நிலை என்ன? அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடிந்து தகப்பனார் வீடு திரும்பும்போது பிள்ளைகள் உறங்கிவிடுகிறார்கள். விழித்திருந்தாலும் ஆளுக்கொரு செல்போன். அடுத்த வீட்டில் நோயாளி கிடப்பது நமக்குத் தெரிவதில்லை. சம்பளம் கூடியிருக்கிறது, கல்பில் நிம்மதி கூடவில்லை.

இதற்காக நாமும் துறவு பூண வேண்டுமா? வேண்டியதில்லை. நம் மார்க்கம் துறவறத்தைக் கடமையாக்கவில்லை, நிக்காஹ் நபிவழி. குணங்குடியார் இல்லறம் ஏற்காதது அவர்களுடைய தனி நிலை. நாம் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் வாழ்வில் நமக்கு ஆகும் பாடம் ஒன்று உண்டு: முதலில் ரப்புடன் தனித்திருத்தல், பிறகு மக்களிடம் திரும்புதல். ஹிராக் குகையில் தனித்திருந்த நம் நாயகம் (ஸல்) அவர்களும் வஹீ வந்தபின் வீட்டுக்கும் ஊருக்கும்தான் திரும்பி வந்தார்கள்.

நாற்பது நாள் கல்வத்து நம்மால் ஆகாது. பஜ்ரு தொழுதபின் பத்து நிமிடம் ஆகுமல்லவா? செல்போனை ஒதுக்கி வைத்துவிட்டு அந்த நேரத்தில் திக்ரு செய்வோம். இரவுப் பணி உள்ளவர் தமக்கு வாய்த்த நேரத்தில் செய்யலாம். அடுத்து, வாரத்தில் ஒரு வேளையாவது வீட்டார் அனைவரும் ஒரே சஹனில் உண்போம். ஜும்ஆ முடிந்து வரும் வழியில் ஒரு நோயாளியையோ, தனித்திருக்கும் ஒரு முதியவரையோ கண்டு ஸலாம் சொல்லி, நலம் விசாரித்து வருவோம். அவர் வேற்று மதத்தவராயினும் அண்டை வீட்டாரின் ஹக்கு அவருக்கும் உண்டு.

தனித்திருந்து ரப்பை நினைக்கும் உள்ளத்தையும், சேர்ந்திருந்து மக்களுக்கு உதவும் கரங்களையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.